ஒரு கிலோமீட்டர், ஆகாய வழி

இரண்டு மாநகராட்சிப் பள்ளிகளுக்கும்
புதுசாக எல்லை போட்டுத் தரச் சொன்னார்கள்.
கால்வாய்ப் பள்ளியின் வாசலில்
காம்பஸ் முள்ளைக் குத்தினேன்.
ஒரு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம்.
நல்ல வட்டம்.
நெல்லைக் கால்வாயைத் தாண்டிற்று,
தென்காசித் தண்டவாளத்தைத் தாண்டிற்று,
ஒரு சுடுகாட்டையும் மூடிக்கிடந்த ரைஸ்மில்லையும்
கால் நனையாமல் தாண்டிற்று.

மத்தியானம் கவுன்சிலர் ஆறுமுகநயினார் வந்தார்.
டீ சொல்லிவிட்டு, ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.
"இந்த எடத்துல மட்டும் கொஞ்சம்
உள்ள வாங்கிக்கிடுங்க மேடம்."
எந்த இடம் என்றேன்.
அவர் விரல் படத்தைத் தொடவில்லை.
ஒரு சாண் உயரத்தில் நின்று காட்டியது:
காலனியின் மூன்று தெருக்கள்.

"சாதியெல்லாம் ஒண்ணுமில்ல, தூரந்தான்.
எட நெருக்கடி வேற. பெஞ்சுக்கு அஞ்சு பிள்ளேள்.
போன வருசம் கையில கட்டுன கயித்துக்கு
அடிச்சுக்கிட்டானுவள்லா, மறந்துட்டியளா?
அதுகளுக்கும் சேத்துதான் சொல்லுதேன்."
மனுவில் நாற்பத்திரண்டு கையெழுத்து.
எல்லா 'ழ'வும் ஒரே கையில் சுழிந்திருந்தன.

கோடு வளைந்தது.
செருப்பில் சாணி படாமல் நடக்கிறவனைப் போல
காலனி வந்ததும் ஒதுங்கி,
சுற்றிப் போய்,
ரேஷன் கடை முக்கில் பழையபடி நேரானது.
ஜெராக்ஸில் அழித்த வட்டம் விழவில்லை.
மூலப் படத்தை ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால்
பள்ளமாய் இன்னும் தெரியும்.
நான் சாய்த்துப் பிடித்தேன்.
பிறகு சுருட்டி ரப்பர்பேண்ட் போட்டேன்.

சனிக்கிழமை கருத்துக்கேட்பு,
சத்துணவுக் கூடத்தில், நேற்றைய சாம்பார் வாசத்தில்.
சுடலைவடிவு எழுந்தாள்.
மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள்.
மகள் முப்பிடாதி மூன்றாம் வகுப்பு.
அவள் கொண்டுவந்தது மனு இல்லை, எண்ணிக்கை.
"கால்வாய்ப் பள்ளிக்கு எங்க வீட்டுலேருந்து
ஐநூத்திப் பத்து எட்டு.
நீங்க சொல்லுத ரைஸ்மில் பள்ளிக்கு
ரெண்டாயிரத்தி நானூறு.
மொதல்ல எண்ணையில கேட்டு அடைச்சுட்டான்,
பாசஞ்சர் வண்டி. எண்ணம் தப்பிட்டு.
திரும்ப வீட்டுக்குப் போயி மறுபடி எண்ணுனேன்."

உதவி அலுவலர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.
எண்ணூற்று எழுபது மீட்டர்.
"அது காக்கா போற வழி சார்.
எம்பிள்ள காக்கா இல்லல்லா."
சிரித்தார்கள். நானும்.
நடவடிக்கைக் குறிப்பில் சிரிப்புக்கு இடமில்லை.

ரெண்டு பள்ளியும் ஒண்ணுதாம்மா, என்றார் நயினார்.
ஒரே புஸ்தகம், ஒரே முட்டை, ஒரே சீருடை.
ரைஸ்மில் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ்கூட உண்டு.
"அப்பம் உங்க தெருப் பிள்ளேள அங்க அனுப்புங்க.
எங்கதுக இங்கனயே கெடக்கட்டும்."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.
மின்விசிறி ஒன்று
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் தட்டியது.

"நிர்வாக வசதி கருதி" என்று தீர்மானம்.
நான்தான் டைப் அடித்தேன்.
பிழை ஒன்றும் இல்லை.
யாருடைய வசதி என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

வெளியே, வேப்பமரத்தடியில்,
வண்டி ஸ்டார்ட் ஆகாமல் உதைத்துக்கொண்டிருந்தேன்.
சுடலைவடிவு பக்கத்தில் வந்து நின்றாள்.
"கோடு போட்டது நீங்கதானா?"
ஆமாம் என்றேன்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
பஸ் நம்பர் விசாரிக்கிற குரலில் கேட்டாள்:
"உங்க பிள்ள எங்க படிக்கு?"

காலை ஏழு பத்துக்கு மஞ்சள் வேன்
எங்கள் காம்பவுண்டு வாசலில் ஹார்ன் அடிக்கும்.
பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டி
பாளையங்கோட்டைக்கு ஒன்பது கிலோமீட்டர்.
வேன் ஃபீஸ் தனி.
நான் போட்ட எந்த வட்டத்திலும்
என் மகன் இல்லை.

"பக்கத்துலதான்," என்றேன்.
வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.