வாரத்துக்கு ஆறு மணி நேரம்

"ரொம்ப நன்றாகப் பாடம் எடுக்காதே" என்றார் நெறியாளர்.
"எடுத்தால் அடுத்த பருவமும் உன் தலையில்தான் கட்டுவார்கள்."
அக்கறையோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு
என் மூன்றாம் இயலை மேசையில் தட்டி நேராக்கினார்.

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
நான்கு பேருக்கு ஓர் அறை, ஒரு கெட்டில், ஒரே ஜன்னல்.
உர்மோ வகுப்பை வரி என்பான்:
சம்பளத்தில் பிடிப்பதுபோல் ஆயுளில் பிடிக்கிறார்களாம்.
நோடார் தன் மூன்றாவது மொழியில்
நகைச்சுவைத் துணுக்குகளைக்
கழிப்பறைக் கண்ணாடியில் ஒத்திகை பார்ப்பான்,
யாரும் சிரிக்காவிட்டால் சொல்ல வேண்டியதையும் சேர்த்து.
லாக்லே எல்லோரையும்விட உரக்க அலுத்துக்கொள்வாள்.
ஆனால் வகுப்பு முடிந்து நாற்பது நிமிடம் கழித்துத்தான்
திரும்பி வருவாள், விரல் நுனியில் சுண்ணப்பொடியோடு.
கேட்டால், லிஃப்ட் பழுது என்பாள்.
எங்கள் அறை தரைத்தளத்தில்.

நான் கடனே என்று எடுக்கிறேன்.
யாரிடம் பட்ட கடன் என்று கேட்காதீர்கள்.

என் வேலை பாசியோடு.
சதுப்பில் குழாய் இறக்கி
அது விடும் மூச்சைப் புட்டியில் பிடிப்பது.
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும் அந்தக் கரிமண்ணுக்கு
என் உதவித்தொகை முடியும் தேதி தெரியாது.
எனக்குத் தெரியும். ஆகஸ்ட் முப்பத்தொன்று.

செவ்வாய் இரவு. முதலாண்டு ஆய்வக அறிக்கைகள், நாற்பத்தாறு.
ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்று கணக்கு.
முப்பதைத் தாண்டி, பென்சில் எழுத்தில், ரெயோ என்ற பையன்:

"சதுப்பு நீரின் பிஎச் ஒன்பது புள்ளி இரண்டு.
தப்பு என்று எனக்கே தெரிகிறது.
மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் இதுதான்.
பக்கத்து மேசைக்கு நான்கு வந்தது.
அதை எழுதியிருக்கலாம்."

மதிப்பெண் பட்டியலில் இதற்குக் கட்டம் இல்லை.

என் மூன்றாம் இயலிலும் அப்படி ஒரு புள்ளி உண்டு.
ஓர் அக்டோபர் அளவு, கோட்டைவிட்டு விலகித்
தனியே நின்றுகொண்டிருந்தது.
கருவிக் கோளாறு என்று அடிக்குறிப்பு போட்டுக்
கழற்றி வைத்தேன்.
திரும்ப அளக்கவில்லை, ஒரு தடவைகூட.

காலையில் ஆய்வகத்துக்குப் போனேன்.
அவன் நின்ற ஏழாம் மேசை. கருவியின் முனையைக்
கழுவி, துடைத்து,
நான்கு என்று சீட்டு ஒட்டிய கரைசலில் இறக்கினேன்.
ஒன்பது என்றது. கழுவினேன். ஒன்பது.
அடியில் ஒட்டிய பராமரிப்புத் தாளில் கடைசிக் கையெழுத்து
நான்கு இலையுதிர்காலம் பழையது.
எத்தனை நாளாகவோ
ஏழாம் மேசை சரியான விடையை எழுதிவந்திருக்கிறது.
நானும் சரி போட்டிருக்கிறேன்,
ஒன்றுக்கு ஆறு நிமிடத்தில்.

பதினொரு மணிக்கு அறைக்கு வந்தேன்.
எங்கே போனாய் என்றான் உர்மோ.
லிஃப்ட் பழுது என்றேன்.
லாக்லே திரும்பிப் பார்க்கவில்லை;
கெட்டிலில் இன்னும் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினாள்.
மூன்றாம் இயல் மேசைமேல் இருந்தது,
அவர் தட்டி வைத்த அதே நேரில்.