எண்ணூறு கிராம்

"வெறும் சுமை அது, கழற்றி எறி" என்றான் ட்வேன்,
வேலிக்கு மேல் பாதி முகம் மட்டும் காட்டி.
எதையும் கழற்றச் சொல்வான் அவன்.
போன வருஷம் தன் கொல்லைக் கதவையே கழற்றினான்,
காற்று வரட்டுமென்று.
நாய் வந்தது.

ஃப்ரெஸ்னோ. செப்டம்பரின் முதல் ஞாயிறு.
காலை ஒன்பதுக்கே ஸ்பேனரைத் துணி சுற்றிப் பிடித்தேன்.
ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டும் கை
ஆறாம் நாள் தூங்கும்,
ஏழாம் நாள் திருகாணி தேடும்.

சீட்டைத் தூக்கினால் இடுக்கில் இருந்தது:
பியர் டப்பா அளவில் கறுப்பாய், உள்ளே முழுக்கக் கரி.
இந்த மாநிலத்தில் விற்ற வண்டி என்பதால்
கூடவே வந்த சீதனம்.
டேங்கில் வெயிலுக்கு எழும் பெட்ரோல் ஆவியைத்
தெருவுக்கு விடாமல்
இரவெல்லாம் கரி வாங்கி வைத்துக்கொள்ளும்.
காலையில் எஞ்சின் எழுந்ததும்
பழையதைக் கேட்டு வாங்கித் தின்னும்.

இரண்டு போல்ட். ஒன்று சுலபம்,
மற்றொன்று என் விரல் தோலைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது.
குழாய்களை உருவினேன். குலுக்கிப் பார்த்தேன்.
சலசலவென்றது, சொல்லாமல் வைத்திருந்ததுபோல.
ரொட்டி மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்: எண்ணூறு கிராம்.
ஒன்னிக் ஒன்றும் சொல்லவில்லை.
தராசை மட்டும் இரண்டு முறை கழுவினான்.

ரப்பர் மூடிகள் ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.
ஒன்றை எஞ்சினின் வாய்க்குப் போட்டேன்.
மீந்த ஒன்று சும்மா கிடப்பானேன் என்று
டேங்கிலிருந்து தொங்கிய குழாயின் நுனியிலும் செருகினேன்.
அழகாக இருந்தது.
அழகாக இருந்தால் சரியாகத்தான் இருக்குமென்று
ஐம்பத்திரண்டு வயதிலும் நினைக்கிறேன்.

கெர்மன் தாண்டி,
கொடி வரிசைகளுக்கு நடுவே காகிதத் தட்டுகளில்
திராட்சை காய்ந்துகொண்டிருந்த இடத்தில்
வண்டி மூன்று முறை இருமியது.
நின்றது.
டேங்கைத் தட்டினால் களக் களக் என்கிறது பெட்ரோல்.
விளக்கு எரிகிறது. ஹாரன் அடிக்கிறது.
டயரை உதைத்தேன். டயர் செய்த பாவம் என்ன?

வரிசைக்குள்ளிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள்.
தொப்பிக்குக் கீழே முகத்தைச் சுற்றித் துணி,
கண் மட்டும்.
யூஃபேமியா என்றாள். பேருந்துப் பிள்ளைகளிடம் கற்ற
என் ஸ்பானிஷ் அதற்குப் போதும்.
அவள் பார்த்துக்கொண்டிருக்க
டேங்க் மூடியைத் திருகினேன்.

ஹ்ஹ்ஹூப்...

நீண்ட ஓர் இழுப்பு.
இருவரும் ஓரடி பின்வாங்கினோம்.
இருபத்திரண்டு மைல்
குடிக்கக் குடிக்க உள்ளே வெறுமை கூடி,
அதை நிரப்பக் காற்று புக வழியில்லாமல்,
கடைசியில் ஒரு சொட்டையும் விடமாட்டேனென்று
இறுகிப் போயிருந்திருக்கிறது.
"பாவம்" என்றாள் அவள்,
என்னையா வண்டியையா தெரியவில்லை.

குழாய் நுனி மூடியைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.
அவள் ஒரு பிடி திராட்சை தந்தாள்,
பாதி காய்ந்தது, பாதி இன்னும் பழம்.
வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

இரவு, வீடு முழுக்கப் பெட்ரோல் வாசனை.
வண்டி இப்போது நினைத்ததையெல்லாம்
நினைத்த நேரத்தில் வெளியே விடுகிறது.
கராஜ் அலமாரியில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே
கரி டப்பா வாய் திறந்து கிடக்கிறது,
பிடிக்க ஒன்றும் இல்லாமல்.
நாளை மாட்டிவிடலாம்.
ட்வேனிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்னிக் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.
திரும்பி வந்து படுத்தான்.
இருட்டில் வெகு நேரம் கழித்து
"அந்தத் தராசு..." என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு" என்றேன்.