கேள்விக்குறியின் பால் கணக்கு

ஒசோர்னோவில் ஒன்பதாம் நாளாக மழை.
பால் கூட்டுறவின் பின்னறையில்
பழைய சர்வர் அதே இரைச்சல்.
அதன் இயங்குதளத்தைக் கைகழுவிவிட்டார்களாம்.
ஜூன் முப்பதுக்குப் பின் ஒட்டுப்போட ஆளில்லை.
பத்து வருடம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்
இரண்டிலேயே கடையைக் கட்டிவிட்டார்கள்.

மூன்று வரன் பார்த்தேன்.
ஒன்று, போனதன் பங்காளி:
அதே முகம், அதே கட்டளைகள்.
ஒன்று, மாதாமாதம் காசு கேட்டது.
கணக்கர் ரெமிஹியோ தொகையைப் பார்த்துவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்;
மறுபடி மாட்டவேயில்லை.
மூன்றாவது வேற்று வம்சம்.
எதைக் கேட்டாலும் வேறு பெயரில் வைத்திருந்தது;
என் விரல்கள் அதனிடம் திக்கின.

பங்காளிதான் என்று முக்கால்வாசி முடிவு.

விடிகாலை நாலரைக்கு
எடைமேடையை அதனோடு இணைத்தேன்,
யாரிடமும் சொல்லாமல்.
ஞன்குபில் வந்தார், டேங்கரும் சேறுமாக.
ரசீதை வாங்கிப் பார்த்தவர்
கையெழுத்துப் போடாமல் ஜன்னல் வழியே நீட்டினார்.
"இது நானில்லை."

?ன்குபில்.

மூவாயிரத்து நூற்று நாற்பது லிட்டர்
ஒரு கேள்விக்குறியின் பேரில்.

"இந்த எழுத்துக்காக அப்பா
பதிவு அலுவலகத்தில் இரண்டு நாள் நின்றார்,"
என்றார். கோபமாகக்கூட இல்லை.
மழை எத்தனை மணிக்கு விடும் என்பதுபோல.

மற்ற இரண்டிலும் ஓட்டினேன்.
அங்கும் கேள்விக்குறிதான்.
காசு கேட்டதில் அது கொஞ்சம் தடிமன்.

பழையதைக் குடைந்தேன்.
யாரும் திறக்காத ஒரு கோப்பில்
நூற்றுப் பன்னிரண்டாம் வரி.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
'ஞ-வுக்காக. கை வைக்காதே. பிருனில்டா.'

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவள்.
பார்த்ததில்லை.
வால்டிவியாவில் தேன் விற்கிறாள் என்று கேள்வி.

அந்த ஒரு வரியை நகலெடுத்தால் முடிந்தது வேலை.
இன்னும் எத்தனை வரிகள்,
யார் யாருக்காக?
பங்காளி வந்தால் எதையும் திறந்து பார்க்க மாட்டேன்.
என்னை எனக்குத் தெரியும்.

வேற்று வம்சத்தையே எடுத்தேன்.
பதினேழு இரவு, கோப்பு கோப்பாக.
ரெமிஹியோவிடம் செலவு குறைவு என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

வியாழக்கிழமை ஞன்குபில்
ரசீதை எழுத்துக்கூட்டிப் படித்தார்,
மடித்துத் தொப்பிக்குள் செருகினார்.
"மிஷினை மாத்தியாச்சா?"
ஆமாம் என்றேன்.
"சத்தம் அப்படியே இருக்கே."

பழையதை
நான் இன்னும் அணைக்கவில்லை.