அடக்கவிலை

காலி கேசட் அறுபத்தெட்டு.
பர்மா பஜாரில் அறுபத்திரண்டு,
பஸ் செலவைப் போட்டால் அதே அறுபத்தெட்டு.
பிளாஸ்டிக் உறை ஏழு.
அட்டைப்படம் ஆயிரம் அடித்தால்தான் மலிவு என்றார் அச்சகத்தில்.
அடித்தது நூறு.

'இரண்டு மணி நேரத்தில் ரவிக்கை வெட்டுதல்.'
வெட்டியது தில்ஷாத் அக்கா, கொசப்பேட்டை வீட்டில்.
படமெடுத்தது நான்,
கல்யாணமில்லாத ஆடியில்.
முகம் வேண்டாம் என்றுவிட்டார்.
ஆகவே படம் முழுக்க இரண்டு கைகள்,
ஒரு சாக்குக்கட்டி, ஒரு கத்தரி,
நடுவே கரண்ட் போன இருட்டு.

இருநூறு என்றால் மலைப்பார்கள்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஜவுளிக்கடைத் தந்திரம்.
நூற்றெண்பத்தைந்து என்று ரப்பர் ஸ்டாம்பு செய்தேன்.

"வாங்கறவ வீட்ல டெக் இருக்குமா?"
நூறு உறையும் மடித்து முடித்தபின்
அக்கா இதைக் கேட்டார்.
டெக் உள்ளவள் தைக்கக் கொடுப்பாள்.
தைக்கிறவளிடம் டெக் இல்லை,
டிவியோடு ஒருநாள் வாடகை நூற்றைம்பது.

அன்றிரவே காக்கித்தாளில்
முப்பத்தாறு அளவுக்கு மாதிரி வெட்டி
எட்டாய் மடித்து உள்ளே திணித்தார்.
உறை மூடவில்லை.
லாங் பஜார் ஸ்வீட் கடையில்
அரைக்கிலோ டப்பா மொத்தமாக வாங்கினோம்.
மூடிமேல் லட்டு படம் இருப்பது அதனால்தான்.

விற்றது முப்பத்தொன்று.
பாதிப்பேர் வாங்கியது காக்கித்தாளை.
ஒருத்தி நேராகவே கேட்டாள்,
"கேசட்ட நீங்களே வெச்சிக்கினா
எவ்ளோ கொறைப்பீங்க?"

தை மாதம் பேரணாம்பட்டிலிருந்து
பூங்காவனம் வந்தாள், லட்டு டப்பாவோடு.
அழியாதிருக்க நான் உடைத்த மூலையில்
செல்லோடேப் ஒட்டியிருந்தது.
பழைய கேசட் கொடுத்தால் காசு குறையுமென்று
தங்கை கல்யாணத்தை அதிலேயே ஏற்றிவிட்டார்களாம்.
போட்டுப் பார்த்தோம்.
தாலி, மொய், பந்தி,
பூச்சுற்றிய அம்பாசிடர் கிளம்பியது,
திரையில் கொஞ்சம் பொரி பொரிந்தது,
பிறகு தில்ஷாத் அக்காவின் கைகள்
கைக்குழி வளைவில் கத்தரியைத் திருப்பின.

"கடைசி பதினோரு நிமிசம் தங்கிடுச்சி.
கை வெக்கறது மட்டும் கத்துக்கினேன்.
ஊர்ல கை வெக்க என்னாண்டதான் வராங்க.
முன்னாடி அழிஞ்சதுக்கு மட்டும்
இன்னா வெல போடுவீங்க?"

நோட்டைத் திறந்தேன்.
கேசட் அவளுடையது. உறையும் டப்பாவும் அவளுடையவை.
காக்கித்தாள்கூட மடிப்பு கிழிந்து அவளிடமே இருக்கிறது.
அடக்கம் என்ற இடத்தில்
எழுத ஒன்றுமில்லை.
உள்ளறையில்
தையல் மிஷின் சத்தம் நின்றிருந்தது.