நூற்றிப்பத்து எண்ணும்வரை

ஒட்டுசுட்டானுக்கு ஒட்டு கொண்டு போகிறேன் என்று
பேருந்தில் சொன்னால் சிரிப்பார்கள்.
சொல்லவில்லை.
மடியில் ஐஸ்பெட்டி, அதற்குள் இரண்டு ஊசிக்குழல்,
நாற்பத்தேழாவது கலவை.

மற்ற நாற்பத்தாறும் கிளிநொச்சியில் தோற்றவை.
ஒன்று தொட்டிக்குள் தயிராய்த் திரிந்தது.
ஒன்று இறுக ஓர் இரவு கேட்டது.
ஒன்று எல்லாவற்றிலும் ஒட்டியது,
என் தலைமயிரில்கூட,
ஈரக் கொங்கிரீட்டைத் தவிர.

ஒட்டுவது பெரிய காரியமில்லை.
சுவருக்கும் பசைக்கும் நடுவே
மயிரிழையிலும் மெல்லிதாய் ஒரு நீர்ப்படலம்
எழும்பமாட்டேன் என்று படுத்திருக்கும்.
அதை எழுப்பத்தான் மூன்று வருடம் போனது.
கொட்டலசுக் குஞ்சுக்கு அது தெரியும்:
முதலில் துளி நெய்யைக் கசியவிட்டுத் தண்ணீரைத் தள்ளும்,
பிறகுதான் ஆயுளுக்கும் ஒட்டும்.
கண்டல்பட்டைச் சாயமும் இரும்பு உப்புமாய்
நான் அதனிடம் பிச்சைக்கு நிற்கிறேன்.

குளம் தளும்புகிறது. வயல் குடலையில்.
துருசுச் சுவரில் வெடிப்பு, பதினொரு அடி ஆழத்தில்.
தண்ணீரை இறக்குவோம் என்று சொல்ல
நீர்ப்பாசனக் கமலேந்திரனுக்கு வாய் வரவில்லை.

மரியசீலன் சிலாவத்தைக்காரர், அட்டை குளிக்கிறவர்.
சிலிண்டர் வேண்டாம் என்றார்,
துருசுவாயில் குழாய் சிக்குமாம்.
"என்ரை மூச்சு நூற்றிப்பத்து வரைக்கும் நிக்கும், பிள்ளை.
உம்மடை பசை அதுக்குள்ள இறுகோணும்."

ஆய்வுத்தாளில் நான் எழுதியிருந்தது
'விரைவாக' என்று மட்டும்.

அது கார்த்திகையில் சொன்னது.
பிறகு வந்த ஒன்பது கலவையும்
ஒரு மனிதரின் நெஞ்சுக்கு அளவெடுத்துத் தைத்தவை.

இன்று அணைக்கட்டில் எல்லோரும் எண்ணினோம்.
தொண்ணூறில் ஒரு குமிழி.
நூற்றிப்பத்தில் தண்ணீர் சும்மா கிடந்தது.
கமலேந்திரன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.
நூற்றிருபத்தாறில் தலை வந்தது,
ஒரு கையில் உறை இல்லை.

"சுவரோடை நிண்டிட்டுது. இழுத்துப் பாத்தன், வரேல்லை."

ஆவணியில் குளம் வற்றும்போது
அங்கே ஒரு நீலக் கை தெரியும்.
ஆனால் வாய்க்கால் பக்கம் போய்ப் பார்த்தோம்:
மணிக்கட்டுத் தடிப்பில் வந்த கசிவு
சுண்டுவிரலாயிருந்தது. நிற்கவில்லை.

"மற்றக் குழலைத் தாரும்" என்றார்.
தோலில் பட்டால் என்ன ஆகும்?
கண்ணாடி, கல், இரும்பு, தேக்கு, இறப்பர்,
அட்டவணையில் தோல் இல்லை.
சொன்னேன்.
பாண் வாங்கிய பையைக் கையில் சுற்றி
பல்லால் முடிச்சைக் கடித்து இறுக்கினார்.

ஒன்று.
இரண்டு.