மைனஸ் ஒன்று

எண்ணுவதைப் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்றதும்
வகுப்பில் சலசலப்பு.
கசாப்புக் கடை வாஷிங்டன் கையைத் தூக்கினார்:
"முதல் ஆட்டை நான் பூஜ்யம் என்றால்
வாங்க வந்தவன் காசு கொடுப்பானா?"
எனக்கு மட்டும் அது புதிதில்லை.
பத்தொன்பது வருடமாக
மான்டவிடியோவின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவள் நான்,
சுல்மா இராவோலா.
தெருவோடு ஒட்டிய தளம் பூஜ்யம்.
ஏறினால்தான் ஒன்று.
அன்று மாலை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்கு முந்தைய மூன்று வாரமும் குனிந்த தலைதான்.
வரிக்கு முன்னால் நாலு இடம் விடச் சொல்லும்;
மூன்று விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
நகராட்சி ஆய்வாளர்கூட
இவ்வளவு கறார் காட்டியதில்லை.

நாலாம் வரியில் பிழை என்றது ஒரு நாள்.
நாலாம் வரியை நாற்பது முறை படித்தேன்.
ஒரு குறையும் இல்லை.
பிறகுதான் உறைத்தது.
நாலாம் மாடியில் நிற்கிறது என்று போன் வந்தால்
நாலாம் மாடிக்கா ஓடுகிறேன்?
உச்சியில் இருக்கிற இயந்திர அறைக்கல்லவா.
மேலே, மூன்றாம் வரியில்
மூடாமல் கிடந்தது ஓர் அடைப்புக்குறி,
பூனை நுழையும் அளவுக்கு.

திரும்பத் திரும்பச் செய் என்று எழுதினேன் இன்னொரு நாள்,
எப்போது நிறுத்துவது என்று எழுதவில்லை.
திரை முழுக்க வணக்கம் வணக்கம் வணக்கம்.
கதவிடுக்கில் செருப்பு சிக்கிய லிஃப்ட்
மூடப் போவதும் திறந்துகொள்வதுமாக
விடிய விடியத் தவிக்குமே, அதேதான்.
வாஷிங்டன் எட்டிப் பார்த்து
"பதில் வணக்கம் போடு, விட்டுவிடும்" என்றார்.

நேற்று
மாடிகளை ஒரு பட்டியலில் போட்டேன்,
பூஜ்யம் முதல் ஒன்பது வரை.
விளையாட்டாக மைனஸ் ஒன்றைக் கேட்டேன்.
கொதிகலன், ஈரச் சுவர்,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் சக்கரச் சைக்கிள்,
எனக்குத் தெரிந்த மைனஸ் ஒன்று அதுதான்.
வந்தது ஒன்பது.
தப்பென்று மறுபடி கேட்டேன்.
ஒன்பது.

இந்த மொழியில்
பூஜ்யத்துக்குக் கீழே ஒரு படி இறங்குகிறவள்
உச்சி மாடியில் கதவைத் திறந்து வெளியே வருகிறாள்.
கொடியில் யாருடையதோ படுக்கை விரிப்பு.
அதற்கு அப்பால் மண்ணிறத்தில் ஆறு,
கடலென்று பொய் சொல்லும் அகலத்தோடு.

பின்னாலிருந்து எண்ணுவது, அவ்வளவுதான்,
என்றாள் பாடம் நடத்தும் யமிலா.
சரி என்றேன்.
விரிப்பு இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இரவு பதினொன்றேகாலுக்கு அழைப்பு.
கனெலோனெஸ் தெரு, ஜூலைக் குளிர்,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு பல் மருத்துவர்.
பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
சுற்றும்போது கை தானாக வேலை செய்யும்,
தலைக்கு வேலை இல்லை.
பட்டியலில் ஆறு உண்டு. ஏழு உண்டு.
ஆறரை என்று கேட்டால்
முழு எண்ணாகத் தா என்று சிவப்பில் சீறும்.
அப்படியானால் இவரை எங்கே எழுதுவது?

கம்பிவடம் இறங்கும் துளை வழியாக
ஏறி வந்தது குரல்:
"நான் இப்போது எந்த மாடியில் இருக்கிறேன்?"

"இன்னும் எதிலும் இல்லை, டாக்டர்" என்றேன்,
அடுத்த சுற்றுக்கு மூச்சைப் பிடித்தபடி.