ஐந்தே முக்கால்

ப்ரேமர்ஹாஃபனில் மழையில்லாத ஒரு செவ்வாய்.
வீப்கேயின் இடக்கண் மைனஸ் ஐந்தே முக்கால்,
வலது ஐந்தரை.
"ஆறைத் தாண்டினால்தான் காப்பீடு தரும்"
என்கிறார் கண்ணாடிக்கடை ஒக்கெங்கா,
தன் தவறுபோலக் குரலைத் தாழ்த்தி.
காண்டாக்ட் லென்ஸ் கேட்டாள்.
அதற்கும் அதே ஆறு.
வெளியே இன்னோர் ஆறு, வேஸர்.
அதைத் தாண்டப் படகு இருக்கிறது.

மீன் ஆலையில் அவள் வேலை
ஹெரிங் துண்டில் முள் தேடுவது.
முள் தெரிகிறது.
நாலடி தள்ளி நிற்கும் மேற்பார்வையாளர்
முகமில்லாத ஒரு வெள்ளைக் கோட்டு.
அதில் நட்டமொன்றும் இல்லை என்பாள்.

அன்றிரவு அவள் செய்ததை
யாரிடமும் சொல்லவில்லை:
விளக்கணைத்து, போனை மூக்கருகே பிடித்து
விடியும்வரை சீட்டாட்டம்.
கெடு, இன்னும் கால் அளவு கெடு என்று
சொந்தக் கண்ணையே கெஞ்சினாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்,
நமக்கு அது கேலி.
அங்கே
பத்தி எண் போட்ட விதி.

பதினாலு மாதம். ஆறேகால்.
பரிசு விழுந்தவள்போல் அவள் சிரிக்க
ஒக்கெங்கா கைகுலுக்குகிறார்,
பிறகு எதற்கென்று யோசித்துக் கையை
மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறார்.
வில்லைக்கு ஒரு தொகை வந்தது.
சட்டத்துக்கு இல்லை.
அதுதான் சட்டம்.

பழைய சட்டத்தில் புது வில்லை;
உடைந்த காதில்
மீன்பெட்டி ஒட்டும் நாடா.
படகுத்துறையில் நிற்கிறாள்.
இத்தனை நாள் ஒரே வெள்ளைக் கூச்சலாய் இருந்தவை
தனித்தனிக் கடற்காகங்கள்.
எண்ணுகிறாள். கம்பியில் ஏழு.
கடைசிப் பறவைக்கு
ஒரு கால் குறைவு.